பறிக்காத வெள்ளாமை

மக்கடேமியாக் காயை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. தானாக விழ வேண்டும். விழுந்ததைப் பொறுக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பிலேயே காலத்தை ஓட்டியவன் நான். நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. மரமேறுகிறவரைப் பிடிக்க நாலு ஊருக்குப் போன். வருகிறேன் என்றவர் வராமல் போனால் அன்றைய வண்டி வாடகையும் தண்டம். இப்படிப் பழகியவனிடம் வந்து, "எங்க மாமனார் தோட்டத்துல மரமேறுற வேலையே இல்லப்பா" என்று மகள் சொன்னால் பொறாமை வராமல் என்ன செய்யும்? "கொடுத்து வெச்சவரு சம்பந்தி" என்றேன். "வந்து பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

அவள் வாழ்க்கைப்பட்டது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஆல்ஸ்டன்வில் மேட்டுநிலத்தில். லிஸ்மோர் நகரத்துக்கும் கடற்கரை ஊரான பலினாவுக்கும் நடுவே இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி மக்கி உருவான செம்மண். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். வேட்டியில் பட்டால் போகாது. மாப்பிள்ளையின் தாத்தா காலத்தில் அங்கே பால்மாடு. 1980களில் சம்பந்தி மாட்டையெல்லாம் விற்றுவிட்டு மக்கடேமியா வைத்தார். எழுபதைத் தாண்டியும் டிராக்டரை மகனிடம் முழுசாகக் கொடுக்க மனசு வரவில்லை. அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. என் இங்கிலீஷ் அவருக்குப் பாதி, அவருடைய உச்சரிப்பு எனக்குப் பாதி. மீதியை மகள் பார்த்துக்கொண்டாள்.

முதலில் அந்த விழும் சங்கதி. பறிக்காமல் விடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. காய்க்கு வெளியே ஒரு பச்சைத் தோல், அதற்குள் வழவழவென்று உருண்டையான பழுப்பு ஓடு, அதற்குள் பருப்பு. முற்றிய காய்க்கும் முற்றாத காய்க்கும் வெளித்தோல் ஒரே பச்சைதான். அண்ணாந்து பார்த்து எது பதம் என்று சொல்ல யாராலும் முடியாது. பூப்பதும் ஒரே நாளில் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் சரம்சரமாகப் பூக்கும். ஒரு சரத்தில் 200, 300 பூ இருந்தாலும் காயாகி நிலைப்பது சில மட்டும். டிசம்பர் வாக்கில் உள் ஓடு கெட்டிப்படும். அதற்குப் பிறகுதான் பருப்பில் எண்ணெய் ஏறும். நன்றாக முற்றிய பருப்பில் எண்ணெய் மட்டும் 72 சதவீதத்துக்கு மேல். அதனால் தண்ணீரில் போட்டால் மிதக்கும். முற்றாததில் எண்ணெய் குறைவு, சர்க்கரை அதிகம். மூழ்கும், காய்ந்தால் சுருங்கும், வறுத்தால் கருகும். ஆக, எது எப்போது தயார் என்பதை மரமே தீர்மானித்துக் கீழே போடுகிறது. மார்ச்சில் விழ ஆரம்பித்தால் ரகத்தைப் பொறுத்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை விழுந்துகொண்டே இருக்கும்.

ரகங்களுக்குச் சம்பந்தி வாயில் பெயரே கிடையாது, எல்லாம் எண்தான். 246, 344, 741 என்று ஹவாயில் தேர்ந்தெடுத்த பழைய ரகங்கள் ஒரு பக்கம். ஏ4, ஏ16 என்று குயின்ஸ்லாந்தில் உருவாக்கிய ரகங்கள் இன்னொரு பக்கம். இந்த ஏ16 மட்டும் விழ மாட்டேன் என்று அடம்பிடிக்குமாம். இப்படிப்பட்டவற்றுக்கு எத்திஃபான் தெளிப்பவர்களும் உண்டு. நம்மூரில் அன்னாசியில் பூ வரவைக்க அடிக்கிறோமே எத்ரல், அதேதான். பாட்டிலைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை பொறுக்க வேண்டும். அதற்கு மேல் தரையில் கிடந்தால் எலி தின்னும், பூஞ்சை பிடிக்கும், முளைக்கும், எண்ணெய் சிக்கடிக்கும். பொறுக்குவது கையால் இல்லை. டிராக்டரிலோ தனி வண்டியிலோ மாட்டிய உருளை ஒன்று. அதில் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் விரல்கள் வரிசைவரிசையாக இருக்கும். வண்டி நகர நகர உருளை தரையில் உருளும். விரல்களுக்கு நடுவே காய் சிக்கிக்கொண்டு மேலே வரும். அங்கே ஒரு சீப்பு தட்டிவிட, தொட்டிக்குப் போகும். ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டினால் வரிசை வரிசையாக முடித்துவிடலாம். பார்க்க வெகு சுலபமாக இருந்தது. பொறாமை இன்னும் கொஞ்சம் கூடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த விரல்கள் சமதரையில் கிடக்கும் காயை மட்டுமே எடுக்கும். சின்னப் பள்ளம், வண்டித் தடம், மழைநீர் அரித்த கீறல், ஒரு கொத்துப் புல், உதிர்ந்த சுள்ளி என்று எது குறுக்கே இருந்தாலும் காய் அங்கேயே நின்றுவிடும். அல்லது காயோடு குப்பையும் சேர்ந்து ஏறி, அடுத்த இயந்திரத்தை அடைக்கும். காயின் குறுக்களவு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். அது ஒளிய எவ்வளவு பள்ளம் வேண்டும்? அதனால் மார்ச்சுக்கு முன்பே தோட்டம் முழுக்கக் கூட்டிப் பெருக்கி, பள்ளம் நிரவி, புல்லை ஒட்ட வெட்டி வைத்தாக வேண்டும். கூட்டுவதற்கு ஒரு வண்டி, ஊதித் தள்ளுவதற்கு ஒரு வண்டி, வெட்டுவதற்கு ஒரு வண்டி. மரமேறும் செலவை மிச்சம் பிடித்தவர் அதைவிடப் பெரிய தொகையைத் தரைமேல் போட்டிருக்கிறார். இந்தத் தோட்டத்தில் விவசாயமே மரத்தடியில்தான் நடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிக்கலும் அங்கேதான்.

மக்கடேமியா அடர்ந்த மரம். நாலு மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை எட்டு மீட்டர் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 300 மரத்துக்கு மேல் வரும். பதினைந்து, இருபது வருஷத்தில் எதிரெதிர் வரிசைக் கிளைகள் கைகோத்துக்கொள்ளும். கீழே வெயிலே படாது. வெயில் இல்லாத இடத்தில் புல் ஏது? தரை மொட்டையாகிவிடும். பொறுக்கும் வண்டிக்கு அதைவிட வசதி வேறில்லை. சம்பந்தி தோட்டத்திலும் ஒரு காலத்தில் மரத்தடியைச் சாணம் தெளித்த வாசல் போலச் சுத்தமாக வைத்திருந்தார்களாம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். சுத்தமான தரைதான் நல்ல விவசாயிக்கு அடையாளம்.

அந்த மேட்டுநிலத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை. அதுவும் கோடையில், ஒரே மூச்சில் கொட்டும். சரிவான நிலம், மொட்டைத் தரை, பொலபொலத்த மண். மீதியை நான் சொல்லவே வேண்டாம். பழைய பகுதியில் சில மரங்களின் வேர் முழங்கால் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. ஒரு வேர்மேல் கைவைத்து, "நட்டப்ப மண் இதுக்கு மேல இருந்துச்சு" என்றார் சம்பந்தி. வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த மரத்துக்கு அது இரட்டை நஷ்டம். மக்கடேமியா புரோட்டியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பழைய, பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் பிழைக்கக் கற்றுக்கொண்ட குடும்பம். மேல்மண்ணிலேயே கொத்துக்கொத்தாக, தூரிகை முடி போல மெல்லிய வேர்களை விடும். அந்த வேர்கள் சுரக்கும் அமிலம் மண்ணில் ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கும். அந்த வேலையெல்லாம் நடப்பது மேலே இருக்கும் சில அங்குல மண்ணில். மழை முதலில் கொண்டுபோவதும் அதைத்தான். பாஸ்பரஸ் அதிகமானாலும் இந்த மரத்துக்கு ஆகாது, இலை வெளுத்துப்போகும். டிஏபி மூட்டையை அவிழ்த்து மரத்துக்கு இவ்வளவு என்று கொட்டுவதுதான் உரம் வைப்பது என்று நினைத்திருக்கிற என்னைப் போன்றவனை இந்தத் தோட்டத்துக்குள் விடவே கூடாது.

2022 பிப்ரவரி கடைசியில் லிஸ்மோரில் வந்த வெள்ளத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரி 28 அன்று ஆறு 14.4 மீட்டரைத் தொட்டது. அதற்கு முந்தைய உச்சத்தைவிட இரண்டு மீட்டர் அதிகம். வீட்டுக் கூரைமேல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், படகு வைத்திருந்த அக்கம்பக்கத்தார் வந்து மீட்டார்கள். மேட்டுநிலத்தில் ஆறு ஏறவில்லை. அங்கே மண் இறங்கியது. அறுவடை தொடங்க இருந்த நேரம். முதலில் விழுந்த காய்களை அப்படியே அள்ளிக்கொண்டு தண்ணீர் வாய்க்காலுக்குப் போனதாக மாப்பிள்ளை சொன்னார். தாழ்வான பகுதியில் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு மரமே போயிற்று.

இப்போது செய்வது நேர் எதிர் வேலை. ஒன்று விட்டு ஒரு வரிசையை அடியோடு வெட்டி எடுக்கிறார்கள். காய்க்கிற மரத்தைத்தான். சீக்கு மரத்தை வெட்டவே என் கை கூசும். "மனசு வருதா?" என்று கேட்டேன். "மரத்தைத் திரும்ப வைக்கலாம், மண்ணை எங்க வாங்குறது?" என்றார். வெட்டிய மரத்தை அங்கேயே பொடியாக்கி மூடாக்குப் போடுகிறார்கள். வெயில் இறங்கிய இடத்தில் நிழலைத் தாங்கி, தரையோடு படரும் ஒரு தென்னாப்பிரிக்கப் புல்லை வைக்கிறார்கள். ஒட்ட வெட்டினாலும் சாகாது, காய் அதன்மேலேயே கிடக்கும், விரல் உருளைக்கும் எட்டும். உரித்த பச்சைத் தோலை மக்கவைத்து வேர்மேல் பரப்புகிறார்கள். ஆனால் அதையும் நினைத்த நேரத்தில் போட முடியாது. அறுவடை முடிந்த கையோடு பரப்பினால்தான் மார்ச்சுக்குள் படிந்து சமமாகும். இல்லாவிட்டால் உருளை காயை விட்டுவிட்டுக் குப்பையை அள்ளும். வருஷத்தில் பாதி மண்ணுக்கு, பாதி மெஷினுக்கு என்று தரையைப் பங்கு போட்டிருக்கிறார் சம்பந்தி.

பொறுக்கியதும் ஓட்டம் ஆரம்பம். பச்சைத் தோலோடு குவித்து வைத்தால் குவியல் சூடேறிவிடும். 24 மணி நேரத்துக்குள் உரித்தாக வேண்டும். உரிக்கும் மெஷின் போடுகிற சத்தம் இருக்கிறதே, அந்தக் கொட்டகைக்குள் காதில் அடைப்பு இல்லாமல் யாரையும் விடுவதில்லை. உரித்த காய் ஒரு மேசைமேல் ஓடும். அங்கேதான் எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வேலை. எலி ஓட்டை போட்டது, வெடித்தது, முளைவிட்டது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ள வேண்டும். வேலை முடிந்து படுத்தால் கண்ணுக்குள் காய் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு நாய் அந்தக் கொட்டகைப் பக்கம் வந்தால் சம்பந்தியம்மா விரட்டிவிடுவார். நானும் பாவம் என்று ஒரு பருப்பை நீட்டப்போனேன், பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். மக்கடேமியா நாய்க்கு ஆகாதாம். தின்றால் பின்னங்கால் துவண்டு, நடுங்கி, வாந்தி எடுக்கும். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் பார்க்கச் சகிக்காது என்றார். உங்கள் வீட்டில் நாய் இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உலர்த்தல். கொப்பரைக்களம் வைத்திருந்தவனுக்கு இந்த இடத்தில்தான் காது நிமிர்ந்தது. விழும்போது காயில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். அப்போது பருப்பு ஓட்டோடு இறுக்கி ஒட்டியிருக்கும். உடைத்தால் பருப்பும் சேர்ந்து நொறுங்கும். ஈரம் குறையக் குறையப் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். அப்போது உடைத்தால் முழுசாக வெளியே வரும். முழுப் பருப்புக்குத்தான் நல்ல விலை. அவசரப்பட்டு ஈரக் காய்க்குச் சூட்டைக் கொடுத்தால் பருப்பின் நடுப்பகுதி பழுப்பாக நிறம் மாறிவிடும், அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் முதலில் வெறும் காற்று. உயரமான சைலோவின் அடியில் சல்லடைத் தளம். மின்விசிறி கீழிருந்து காற்றை ஊதும். பத்து சதவீதத்துக்கு வந்ததும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆலையில் மெதுவாகச் சூடேற்றி ஒன்றரை சதவீதத்துக்குக் கொண்டுவந்து உடைக்கிறார்கள். ஓடு வீணாவதில்லை, அந்தச் சூட்டுக்கே எரிபொருள் ஆகிறது. நம் சிரட்டைக்கரிக்காரர்கள் தலையாட்டுவது தெரிகிறது.

ஆலையிலிருந்து வரும் காகிதம்தான் தோட்டத்தின் மார்க் ஷீட். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். நூறு கிலோ ஓட்டுக்காயில் நல்ல பருப்பு எத்தனை கிலோ? 33 சதவீதத்தை அடிப்படையாக வைத்து விலை பேசுவது வழக்கம். கழிவு எவ்வளவு, அதில் பூச்சி கடித்தது எவ்வளவு, முற்றாதது எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்று தனித்தனியாக வரும். நான் இருந்தபோது வந்த ஒன்றில் பூச்சிக் கணக்கு எகிறியிருந்தது. பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். எந்த நாட்டுத் தோட்டத்து வீட்டிலும் இது நடக்கும்.

அந்தப் பூச்சி ஒரு நாவாய்ப்பூச்சி வகை. பச்சை நிறம், இலையோடு இலையாக இருக்கும். ஓடு கெட்டியாவதற்கு முன்பு குத்தினால் காய் அப்போதே உதிரும், தெரிந்துவிடும். ஓடு கெட்டியாகிற சமயத்தில் குத்தினால் காய் உதிராது, வெளியே ஒரு தழும்பும் தெரியாது, பருப்பில் மட்டும் புண். நவம்பர், டிசம்பரில் நடந்தது ஜூனில் ஆலைக் காகிதத்தில்தான் வெளியே வரும். மேசையில் எவ்வளவு கண்ணை விழித்துப் பார்த்தாலும் பிடிக்க முடியாது. காய்த்துளைப்பான் புழுவுக்காவது தீர்வு கிடைத்திருக்கிறது. அதன் முட்டைக்குள் முட்டையிடும் மணலளவு குளவியைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து பெருக்கி, அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். கரும்புக்கு நம் பக்கம் டிரைக்கோகிராமா அட்டை கட்டுவார்களே, அதே வகையறா. எலி இன்னொரு தொல்லை. 2,000 கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்தினால்தான் உடையும் என்கிற ஓட்டில், துரப்பணம் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை போட்டுப் பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகும். அதற்குக் கூகைப் பெட்டிகள் கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். கூகை வீட்டுப் பக்கம் வந்தாலே அபசகுனம் என்று விரட்டுகிற ஊரிலிருந்து போனவனுக்கு, அதற்கு வீடு கட்டிக் கொடுத்து அழைப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டி வாடகைக்கு எடுக்கிறார்கள். 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் தேனீயைத் தாக்கும் வர்ரோவா உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருஷமே, அதை ஒழிக்க முடியாது என்று அரசு கைவிட்டது. அதுமுதல் பெட்டி விஷயத்தில் எல்லாருக்கும் கவலை. அந்த மண்ணுக்கே உரிய கொட்டாத சிறு தேனீ உண்டு, அதை உண்ணி தொடுவதில்லை. சம்பந்தி வீட்டுப் பின்னால் சில பெட்டிகள் இருக்கின்றன.

மரத்தின் பூர்வீகத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இந்த மரம் எங்கிருந்தும் கொண்டுவந்ததல்ல. அந்த மேட்டுநிலமும் அதற்கு வடக்கே தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தும்தான் அதன் பிறந்த வீடு. அங்கே இருந்த மழைக்காட்டில் பூர்வகுடிகளான பண்ட்ஜலங் மக்கள் காலங்காலமாகப் பொறுக்கித் தின்ற காய். வெள்ளைக்காரர்கள் வந்து செங்கருங்காலி போல விலைபோகும் சிவப்பு சிடார் மரத்துக்காகவும், பிறகு மாட்டு மேய்ச்சலுக்காகவும் 75,000 ஹெக்டேர் காட்டை வெட்டினார்கள். மிஞ்சியது ஒரு சதவீதம்கூட இல்லை. 1857ல் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் என்ற தாவரவியலாளர் தன் நண்பர் ஜான் மக்காடமின் பெயரை மரத்துக்கு வைத்தார். மக்காடம் மெல்பர்னில் வேதியியல் ஆசிரியர். 1858ல் அங்கே நடந்த புகழ்பெற்ற கால்பந்துப் போட்டி ஒன்றில் நடுவராக நின்றவர். மரத்துக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் வணிகத் தோட்டம் 1880களில் ரௌஸ் மில்லில் சார்லஸ் ஸ்டாஃப் போட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான்.

ஆனால் அதைப் பெரிய தொழிலாக்கியவர்கள் ஹவாய்க்காரர்கள். 1880களின் தொடக்கத்தில் விதை அங்கே போனது. 1920களில் தோட்டம் தோட்டமாக வைத்தார்கள். நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி ரகமாக்கினார்கள். அந்த ரகங்களையே ஆஸ்திரேலியர்கள் திரும்ப வாங்கி நட்டார்கள். ஹவாய் ரகங்களின் மரபணு, ஜிம்பி அருகே மூலூ பகுதியின் காட்டு மரங்களோடு ஒத்துப்போவதாக 2019ல் ஓர் ஆய்வு சொன்னது. சொந்த வீட்டுப் பிள்ளையை அடுத்த ஊரில் வளர்த்துவிட்டுப் பெண்ணெடுக்கும் கதைதான்.

இப்போது உலகத்திலேயே அதிகம் விளைவிப்பது தென்னாப்பிரிக்கா. சீனாவும் யுன்னானில் மளமளவென்று நட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் பகுதி, பழைய பகுதியான சம்பந்தி வட்டாரத்தைத் தாண்டிவிட்டது. அங்கே நிலம் சமதரை. 2021ல் ஓட்டோடு கிலோவுக்கு ஆறு டாலரைத் தாண்டிய விலை, 2023ல் இரண்டு டாலருக்கும் கீழே விழுந்தது. மூன்று கிலோ ஓட்டுக்காய்க்கு ஒரு கிலோ பருப்பு. கடையில் சின்னப் பொட்டலத்தின் விலையைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால், தேங்காய்க்காரனுக்கு ஆறுதலாக இருக்கும், வேறு ஒன்றுமில்லை. பிறகு விலை கொஞ்சம் ஏறியது. சம்பந்தி வரிசை வெட்டத் துணிந்ததற்கு அந்த விலைச் சரிவும் ஒரு காரணம். காய் விலைபோகிற வருஷத்தில் மரத்தை வெட்ட யாருக்கு மனசு வரும்? புல் தென்னாப்பிரிக்காவிலிருந்து, குளவி தென்னாப்பிரிக்காவிலிருந்து, விலையை இறக்கியதும் தென்னாப்பிரிக்கா என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்மூர் மண்டி வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதிலிருந்து ஆளாளுக்குக் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, நம்ம பக்கம் வருமுங்களா?" வாடல் நோயில் தென்னை போய்க்கொண்டிருக்கும்போது அப்படிக் கேட்பதில் தப்பில்லை. என் அபிப்பிராயம் இது. மரம் வருவது பெரிய விஷயமில்லை. அதற்கு மிதமான சூடு, நல்ல மழை, வடிகால் உள்ள மண், காற்றுத் தடுப்பு வேண்டும். நம் சமவெளியில் ஏப்ரல், மே மாத வெயில் அதற்கு அதிகம். மலையடிவாரத்தில் உயரமான இடம் வைத்திருப்பவர் யோசிக்கலாம். ஒட்டுச் செடியே காய்க்க நாலைந்து வருஷம். நல்ல மகசூலுக்குப் பத்து வருஷத்துக்கு மேல். அது முடிந்து காய் விழ ஆரம்பித்தால், 24 மணி நேரத்தில் உரிக்க மெஷின், உலர்த்த சைலோ, அந்த ஓட்டை உடைக்க ஆலை, கழிவைக் கணக்குப் போட்டு விலை கொடுக்க ஒரு ஆள் என்று எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருத்தர் ரெண்டு ஏக்கரில் வைத்து ஆகிற காரியம் இல்லை. ஒரு வட்டாரமே சேர்ந்து இறங்க வேண்டும். ஜாதிக்காயோ மிளகோ ஊடுபயிராகப் போட்டவர்களுக்குச் சந்தை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

என் மச்சான் மட்டும் சமாதானமாகவில்லை. "நாலே நாலு கொட்டை, சட்டைப் பையில போட்டுட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுதுங்க மாமா?" என்கிறார். விதையோ செடியோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்று சொன்னேன். கொட்டையிலிருந்து வரும் மரம் தாய் மரம் மாதிரி இருக்காது, ஒட்டுதான் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். "அப்ப ஒட்டுச் செடியே கொண்டாந்திருக்கலாமே" என்றார்.